நம்பிக்கையும் செயலும்: தொடக்ககால மோர்மன் வரலாற்றில் சமயக் குழுவும் அரசதிகாரமும் (1830–1896)

1. முன்னுரை

சமயமும் அரசும் எதிர்ப்படும் இடங்களில் இரண்டு வினாக்கள் தவறாமல் எழுகின்றன. ஒரு குழுவினர் தம் நம்பிக்கையின்படி கூடி வாழ்வதற்கு அரசு எவ்வளவு இடம் தரவேண்டும் என்பது ஒன்று. அக்குழுவினரைச் சுற்றியுள்ளோரின் வன்முறையிலிருந்து காக்கும் கடமை எந்த அதிகார அமைப்புக்கு உரியது என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பி, இரண்டுக்கும் கசப்பான விடைகளைப் பெற்ற வரலாறு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய மோர்மன் இயக்கத்தின் வரலாறாகும்.

மோர்மன் என்பது அவ்வியக்கத்தாருக்குப் பிறர் இட்டு வழங்கிய பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே 1838 முதல் அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயராகும். வரலாற்று வழக்குக் கருதி இக்கட்டுரையில் மோர்மன் என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

1830இல் சபை நிறுவப்பட்டது முதல் 1896இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது வரையிலான காலப்பகுதியில் மோர்மன்களுக்கும் அரசதிகாரத்திற்கும் இடையே நேர்ந்த மோதல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மோதல்களின் முடிவில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடு, சதி வழக்கத்தைச் சான்றாகக் காட்டி நிறுவப்பட்டது என்பதும், பின்னர் அதுவே சென்னை மாநிலத்து மடம் ஒன்றின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது என்பதும் இந்தியவியல் மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை.

2. தோற்றமும் இடப்பெயர்வும்

இயக்கத்தின் நிறுவனரான ஜோசப் ஸ்மித் 1805ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் எளிய உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்குடும்பம் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் அப்பகுதி முழுதும் சமய எழுச்சிக் கூட்டங்கள் ஓயாமல் நடைபெற்றன. பல சபைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மக்களைத் தம்பால் ஈர்க்க முயன்ற அச்சூழலில், தமக்கு இறைக்காட்சி கிட்டியதாகவும், வானதூதர் ஒருவர் காட்டிய பொற்தகடுகளிலிருந்து புதிய மறைநூல் ஒன்றை மொழிபெயர்த்ததாகவும் ஸ்மித் அறிவித்தார். மோர்மன் நூல் என்னும் அந்நூல் 1830ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பால்மைரா என்னும் ஊரில் 5,000 படிகள் அச்சிடப்பெற்று வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சபை முறைப்படி நிறுவப்பட்டது.

புதிய மறைநூல், உயிரோடுள்ள இறைவாக்கினர் என்னும் இரண்டும் பிற கிறித்துவ சபையாரின் எதிர்ப்பை எழுப்பின. ஆயினும் கோட்பாட்டு வேறுபாடு மட்டுமே மோர்மன்களை அரசதிகாரத்தோடு மோதச் செய்திராது. அந்நாட்டில் அக்காலத்தில் புதிய சபைகள் பல தோன்றின. அவற்றுள் பெரும்பாலானவை அரசோடு பெரும்பூசல் ஏதுமின்றி வாழ்ந்தன. மோர்மன்களை வேறுபடுத்தியது ஒன்றுகூடல் என்னும் அவர்தம் கொள்கையே. நம்பிக்கை கொண்டோர் அனைவரும் ஓரிடத்தில் திரண்டு, நிலம் வாங்கி, ஊர் அமைத்து, சீயோன் என்னும் புனித நகரை எழுப்பவேண்டும் என அவர்கள் கருதினர். அவ்வாறு திரண்டபோது அவர்கள் ஒரு சபையாக மட்டுமின்றி வாக்காளர் தொகுதியாகவும், நிலவுடைமைக் குழுவாகவும், வணிகக் கூட்டாகவும் ஆயினர். அவர்களை முன்னரே அங்குக் குடியிருந்தோர் சமயப் பகைவராக மட்டுமன்றி அரசியல் போட்டியாளராகவும் கண்டனர்.

1831இல் ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லண்டு நகரம் இயக்கத்தின் மையமாயிற்று. அவ்வாண்டே மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் மாவட்டம் சீயோன் எழவேண்டிய இடமாக அறிவிக்கப்பட்டது. அன்றைய மிசூரி அடிமை முறை நிலவிய எல்லைப்புற மாநிலம். அங்குக் குடியேறிய மோர்மன்களோ பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

3. மிசூரி: காப்பளிக்கத் தவறிய அரசு

முதற்பூசல் ஓர் அச்சகத்தை முன்வைத்து எழுந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மிசூரிக்குள் குடிபெயர்வது பற்றிய சட்டங்களை விளக்கி மோர்மன் இதழ் ஒன்று 1833ஆம் ஆண்டு கோடையில் எழுதியது. கறுப்பின மக்களை வரவழைக்க மோர்மன்கள் முயல்வதாக உள்ளூர்க் குடியேறிகள் அதனைப் பொருள்கொண்டனர். ஜூலை 20ஆம் நாள் கூட்டம் ஒன்று இண்டிபெண்டன்சு நகரிலிருந்த அச்சகத்தை இடித்து எறிந்தது. நவம்பர் மாதத்தில் ஜாக்சன் மாவட்ட மோர்மன்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுத முனையில் ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டனர். அவர்கள் ஆளுநர் டேனியல் டங்க்ளினிடம் முறையிட்டனர். நீதிமன்றத்தை நாடுமாறு அவர் அறிவுறுத்தினார். ஆயின் அம்மாவட்டத்தின் அலுவலர்கள் சிலரே விரட்டியவர்களின் பக்கம் நின்றனர். எனவே அவ்வழியால் இழந்த நிலம் மீளவில்லை.

1836ஆம் ஆண்டு இறுதியில் மிசூரிச் சட்டமன்றம் கால்டுவெல் என்னும் புதிய மாவட்டத்தை மோர்மன்களுக்கென உருவாக்கியது. பூசலைத் தவிர்க்கக் குழுவைத் தனியே பிரித்து வைப்பது இவ்வேற்பாட்டின் உட்கருத்து. ஆனால் கர்ட்லண்டில் சபையார் நடத்திய நிதி நிறுவனம் 1837இல் வீழ்ச்சியுற்றதும், ஸ்மித்தும் அவரைப் பின்பற்றியோரும் 1838இல் மிசூரிக்கு வந்து சேர்ந்தனர். குடியேற்றம் கால்டுவெல் மாவட்ட எல்லையைக் கடந்து பரவியது.

1838ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றை ஒருதலையாகக் கூறுவது வரலாறாகாது. மோர்மன்களிடையே டேனியர் எனப்பட்ட கமுக்கக் காவற்குழு ஒன்று தோன்றியது. அது முதலில் சபைக்குள் மாறுபட்டோரை வெளியேற்றும் வேலையில் ஈடுபட்டது. ஜூலை 4ஆம் நாள் சிட்னி ரிக்டன் ஆற்றிய உரை, தம்மைத் தாக்குவோரோடு அழிவு வரையில் போரிடும் உறுதியை வெளிப்படையாக அறிவித்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் கல்லட்டின் ஊரில் மோர்மன்கள் வாக்களிப்பதைத் தடுக்கச் சிலர் முயன்றபோது கைகலப்பு மூண்டது. அதன்பின் இரு தரப்பாரும் வீடுகளைக் கொளுத்தினர், பொருள்களைக் கவர்ந்தனர். அக்டோபர் 25ஆம் நாள் குரூக்கட் ஆற்றங்கரையில் மோர்மன் படையினர் மாநிலக் குடிப்படைப் பிரிவு ஒன்றோடு மோதினர்.

இச்செய்தி மிகைப்பட்ட வடிவில் ஆளுநர் லில்பர்ன் பாக்சை எட்டியது. அக்டோபர் 27ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணை, மோர்மன்களைப் பகைவராகக் கருதி அழித்தொழிக்கவோ மாநிலத்தைவிட்டு விரட்டவோ வேண்டும் எனப் பணித்தது. குற்றம் செய்தோரைப் பிரித்தறியாமல் ஒரு சமயத்தாரை முழுமையாகக் குறிவைத்த அரசாணை இது. மூன்று நாள் கழித்து ஹான் ஆலை என்னும் சிற்றூரில் 17 மோர்மன்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிறுவரும் அடங்குவர்.

நவம்பர் தொடக்கத்தில் ஃபார் வெஸ்ட் நகரம் பணிந்தது. ஸ்மித்தையும் பிற தலைவர்களையும் ஊர்ச் சதுக்கத்தில் சுட்டுக் கொல்லுமாறு தளபதி சாமுவேல் லூக்கசு கட்டளையிட்டார். அலெக்சாண்டர் டோனிபன் என்னும் படைத் தலைவர் அது படுகொலையாகும் எனக் கூறி அக்கட்டளையை நிறைவேற்ற மறுத்தார். மோர்மன் அல்லாத ஒருவர் சட்டத்தின் பெயரால் எடுத்த இந்நிலை, அரசின் பெயரால் செயற்பட்டோர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதைக் காட்டுகிறது. ஸ்மித் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை லிபர்ட்டி ஊர்ச் சிறையில் அடைபட்டிருந்தார். வேறோர் இடத்திற்கு விசாரணைக்காகக் கொண்டு செல்லப்படும் வழியில் தப்பினார். பல்லாயிரம் மோர்மன்கள் குளிர்காலத்தில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாய் மாநிலம் புகுந்தனர். அங்குக் குவின்சி நகர மக்கள் அவர்களுக்கு உணவும் உறையுளும் அளித்தனர்.

1839ஆம் ஆண்டு இறுதியில் ஸ்மித் வாஷிங்டன் சென்று அதிபர் மார்ட்டின் வான் பியூரனைச் சந்தித்து, நூற்றுக்கணக்கானோரின் முறையீடுகளோடு இழப்பீடு கோரினார். உதவி கிட்டவில்லை. செனட் சபையின் நீதிக்குழு, தீர்வை மிசூரியிடமே தேடவேண்டும் என 1840இல் அறிவித்தது. இம்மறுப்புக்குச் சட்ட அடிப்படை இருந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைச் சட்டப் பகுதி கூட்டரசைக் கட்டுப்படுத்துமேயன்றி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என உச்ச நீதிமன்றம் 1833இல் தீர்ப்பளித்திருந்தது. சமய உரிமை ஏட்டில் இருந்தது. மாநிலமே அதனைப் பறித்தபோது மீட்டுத்தரும் அமைப்பு ஏதும் இல்லை. துன்புறுத்திய மாநிலத்திடமே நீதி கேட்குமாறு துன்புற்றோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

4. நாவூ: தற்காப்பே அதிகாரமாதல்

மிசூரியில் கற்ற பாடத்தை மோர்மன்கள் இல்லினாயில் சட்ட வடிவாக்கினர். மிசிசிப்பி ஆற்றின் வளைவில் சதுப்பு நிலத்தைத் திருத்தி எழுப்பிய ஊருக்கு நாவூ எனப் பெயரிட்டனர். 1840ஆம் ஆண்டு டிசம்பரில் இல்லினாய்ச் சட்டமன்றம் அந்நகருக்குப் பட்டயம் வழங்கியது. அதன்படி நகருக்குச் சொந்த நீதிமன்றமும், நாவூ படையணி என்னும் குடிப்படையும் அமைந்தன. நகர நீதிமன்றம் ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கும் உரிமையையும் பெற்றது. 1840களின் நடுவில் நாவூவின் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டி, அன்றைய சிக்காகோவோடு ஒப்பிடத்தக்க நிலையை அடைந்தது.

1842ஆம் ஆண்டு மே மாதம் முன்னாள் ஆளுநர் பாக்சு தம் இல்லத்தில் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். ஸ்மித்தே இதற்குத் தூண்டுகோல் என மிசூரி குற்றம் சாட்டி, அவரை ஒப்படைக்குமாறு கோரியது. குற்றம் நிகழ்ந்தபோது ஸ்மித் மிசூரியில் இல்லாமையால் அவரைத் தப்பியோடியவராகக் கருத இயலாது என நீதிபதி நத்தானியேல் போப் 1843 ஜனவரியில் அவரை விடுவித்தார். அவ்வாண்டு ஜூனில் மீண்டும் கைதானபோது நாவூ நகர நீதிமன்றமே அவரை விடுவித்தது. முதல் விடுதலை பொதுச் சட்டத்தின் வழி வந்தது. இரண்டாவது, அவரே நகரத் தலைவராக இருந்த ஊரின் நீதிமன்றம் தந்தது. அயலார் இரண்டாவதையே நினைவிற் கொண்டனர். சட்டம் தீண்ட முடியாத தனியரசு ஒன்று தம் நடுவே வளர்வதாக அவர்கள் அஞ்சினர்.

நகரத் தலைவர், படைத் தலைவர், இறைவாக்கினர் என்னும் மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே குவிந்திருந்தன. 1844இல் ஸ்மித் அமெரிக்க அதிபர் பதவிக்கும் போட்டியிட முன்வந்தார். பலதார மணம் நெருங்கிய வட்டத்தில் கமுக்கமாகத் தொடங்கியிருந்தது. அது பற்றிய இறைவெளிப்பாடு 1843 ஜூலையில் எழுத்தில் பதிவாயிற்று. சபையிலிருந்து பிரிந்த வில்லியம் லா முதலியோர் இவற்றைக் கண்டித்து, நாவூ எக்ஸ்போசிட்டர் என்னும் இதழை 1844ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் வெளியிட்டனர். அதுவே அதன் முதலும் இறுதியுமான இதழாகும். ஜூன் 10ஆம் நாள் நகர மன்றம் அவ்விதழைப் பொதுத் தொல்லை என அறிவித்தது, அச்சுப்பொறி அழிக்கப்பட்டது.

11 ஆண்டுகளுக்கு முன் இண்டிபெண்டன்சு நகரில் தம் அச்சகத்தை இழந்த குழுவினர், தம்மை மறுத்துரைத்தோரின் அச்சகத்தை அழித்தனர். முன்னதைச் செய்தது சட்டத்திற்குப் புறம்பான கூட்டம். பின்னதைச் செய்தது தீர்மானம் நிறைவேற்றிய நகர மன்றம். ஆயினும் சிறுபான்மையினர் தமக்கு வேண்டிய உரிமையைத் தமக்குள் உள்ள சிறுபான்மையினருக்கு மறுத்தனர் என்னும் முடிவை இவ்வேறுபாடு மாற்றுவதில்லை. காப்பிற்காகப் பெற்ற அதிகாரம் கருத்து வேறுபாட்டை அடக்கும் கருவியாக மாறிய இடம் இதுவே.

கலகக் குற்றச்சாட்டின்பேரில் ஸ்மித்தைக் கைது செய்ய ஆணை பிறந்தது. அவர் நாவூவில் படைச் சட்டத்தை அறிவித்தார். ஆளுநர் தாமசு ஃபோர்டு பாதுகாப்புக்கு உறுதி கூறியதையடுத்து ஸ்மித் கார்த்தேஜ் ஊரில் சரணடைந்தார். அங்கு அவர்மீது அரசுத் துரோகக் குற்றமும் சாட்டப்பட்டது. 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் முகத்தில் கரி பூசிய ஆயுதக் கும்பல் சிறையைத் தாக்கி, ஜோசப் ஸ்மித்தையும் அவர்தம் தமையன் ஹைரம் ஸ்மித்தையும் கொன்றது. அரசு காவலில் இருந்த, இன்னும் விசாரிக்கப்படாத இருவர் அரசு காவலிலேயே மாண்டனர். மறு ஆண்டு நடந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் விடுதலையாயினர். 1845 ஜனவரியில் நாவூவின் பட்டயம் நீக்கப்பட்டது. 1846 பிப்ரவரியில் பிரிகம் யங் தலைமையில் மோர்மன்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர்.

5. யூட்டா: அரசைக் கடத்தலும் அரசு தொடர்தலும்

1847ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தபோது அது மெக்சிகோ நாட்டின் எல்லைக்குள் இருந்தது. ஆனால் 1848 பிப்ரவரியில் கையெழுத்தான உடன்படிக்கை அந்நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு உரியதாக்கியது. அரசைவிட்டு விலகியவர்களை அரசின் எல்லை ஓராண்டுக்குள் பின்தொடர்ந்து வந்து சூழ்ந்துகொண்டது. டெசரட் என்னும் பெயரில் மாநிலத் தகுதி வேண்டி மோர்மன்கள் விடுத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1850இல் யூட்டா ஆட்சிப்பகுதி உருவாக்கப்பட்டு, யங் அதன் முதல் ஆளுநராக அமர்த்தப்பட்டார்.

மாநிலத்திற்கும் ஆட்சிப்பகுதிக்கும் இடையிலான வேறுபாடு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். மிசூரி மாநிலமாதலின் கூட்டரசு தலையிட மறுத்தது. யூட்டா ஆட்சிப்பகுதியாதலின் அதன் ஆளுநர், நீதிபதிகள், சட்டங்கள் அனைத்தும் கூட்டரசின் முழு அதிகாரத்திற்கு உட்பட்டன. மோர்மன்களைக் காக்க வேண்டிய வேளையில் கூட்டரசுக்கு அதிகாரம் இல்லை; அவர்களை அடக்க வேண்டிய வேளையில் அவ்வதிகாரத்திற்குக் குறைவில்லை.

1852ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் சால்ட் லேக் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில் பலதார மணம் சபையின் கோட்பாடாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிற்குச் சமயப் பரப்புநர்களை அனுப்பும் முடிவும் அதே மாநாட்டில்தான் எடுக்கப்பட்டது. 1853இல் கல்கத்தாவை அடைந்த அவர்களுள் ரிச்சர்டு பாலன்டைன் சென்னைக்குச் சென்று சில காலம் பணியாற்றினார். பலதார மணச் செய்தி அவர்களுக்கு முன்னரே ஆங்கிலேயக் குடியிருப்புகளை எட்டியிருந்தமையால் ஆதரவு மிகக் குறைவாகவே கிட்டியது.

1856இல் குடியரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் பலதார மணத்தையும் அடிமை முறையையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்களாக இணைத்துக் கண்டித்தது. யூட்டாவுக்கு அனுப்பப்பட்ட கூட்டரசு அலுவலர்களோடும் ஓயாத பிணக்கு நிலவியது. அங்குக் கிளர்ச்சி நிலவுவதாகக் கருதிய அதிபர் ஜேம்சு புக்கேனன், ஆல்பிரட் கம்மிங் என்பவரைப் புதிய ஆளுநராக அமர்த்தி, ஏறத்தாழ 2,500 படைவீரர்களை 1857இல் அனுப்பினார். யங்கிற்கு முறையான முன்னறிவிப்பு ஏதும் தரப்படவில்லை. மிசூரியையும் நாவூவையும் கண்ட மக்கள், நெருங்கிவரும் படையை மற்றுமோர் அழித்தொழிப்பு முயற்சியாகவே கண்டனர். மோர்மன் படையினர் கூட்டரசுப் படையின் உணவு வண்டிகளைத் தீக்கிரையாக்கினர். தாமசு கேன் என்பவரின் நடுவண்மையால் 1858இல் பெரும்போரின்றி உடன்பாடு ஏற்பட்டது.

அந்த அச்சச் சூழலில் நிகழ்ந்த ஒரு கொடுமை மோர்மன் வரலாற்றின் நீங்காக் கறையாகும். 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், தென் யூட்டாவின் மவுண்டன் மெடோசு என்னுமிடத்தில், ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியா நோக்கிச் சென்றுகொண்டிருந்த பயணியர் ஏறத்தாழ 120 பேரை உள்ளூர் மோர்மன் குடிப்படையினர், பைய்யூட் பழங்குடியினர் சிலரின் துணையோடு கொன்றனர். பாதுகாப்பாக அழைத்துச் செல்வதாக உறுதி கூறி ஆயுதங்களை வாங்கிய பின்னரே அக்கொலை நிகழ்ந்தது. 17 சிறு குழந்தைகள் மட்டுமே விட்டுவைக்கப்பட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து ஜான் டி. லீ என்பவர் ஒருவர் மட்டுமே தண்டனை பெற்றார். ஹான் ஆலையின் நினைவு மவுண்டன் மெடோசு கொலைக்குப் பின்னணி ஆகலாம், நியாயம் ஆகாது.

6. நீதிமன்றத்தில் சமயம்

படையால் முடியாததைச் சட்டத்தால் முடிக்க அரசு முனைந்தது. 1862இல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் ஆட்சிப்பகுதிகளில் இருதார மணத்தைக் குற்றமாக்கியது. உள்நாட்டுப் போர்க் காலமாதலின் அது நடைமுறைக்கு வரவில்லை. 1874இல் போலந்து சட்டம் யூட்டாவின் குற்ற வழக்குகளைக் கூட்டரசு நீதிமன்றங்களுக்கு மாற்றியபின் வழக்குகள் தொடங்கின. யங்கின் செயலராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்சின் வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

1879ஆம் ஆண்டு ஜனவரியில் தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் தீர்ப்பு வழங்கினார். சட்டம் நம்பிக்கையிலும் கருத்திலும் தலையிட இயலாது. ஆனால் செயலில் தலையிடலாம் என்பது அதன் சாரம். சமயக் கடமை என்னும் காரணத்தால் ஒருவர் சட்டத்திலிருந்து விலக்குப் பெறுவாராயின், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சட்டமாகிவிடுவர் என அவர் வாதிட்டார். இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள் இரண்டு: ஒன்று நரபலி, மற்றொன்று கணவனின் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறுதல். பலதார மணம் பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வாழ்க்கைக்கே உரியது என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. 1890இல் சபையின் சொத்துப் பறிமுதல் வழக்கில் நீதிபதி பிராட்லி எழுதிய தீர்ப்பில் சதியோடு இந்தியத் தக்கர்களும் எடுத்துக்காட்டாயினர்.

சதி வழக்கம் வங்காளத்தில் 1829இலும், சென்னை, பம்பாய் மாகாணங்களில் 1830இலும் ஆங்கிலேய ஆட்சியால் தடை செய்யப்பட்டது. அக்காலனித்துவ நடவடிக்கை அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கச் சட்டச் சிந்தனைக்குள் ஐயத்திற்கிடமற்ற முன்மாதிரியாக நுழைந்தது. உயிர்க்கொலையும் திருமண முறையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டன. மோர்மன்கள் வெள்ளை இனத்தவராயினும் அவர்தம் வழக்கத்தை ஆசியத்தன்மை உடையதாகக் காட்டுவதன்வழி, அவர்களை நாட்டின் நாகரிக எல்லைக்கு வெளியே நிறுத்தும் வாதம் உருவாயிற்று. பலதார மணத்தில் பெண்கள் அடைந்த இடர்கள் உண்மையானவை. அவற்றை ஆராய்ந்து காரணங் காட்டுவதற்கு மாறாக, அயல்நாட்டு ஒப்புமையைத் தீர்ப்பு துணைக்கொண்டது.

இதன்பின் வந்த சட்டங்கள் மேலும் கடுமையாயின. 1882ஆம் ஆண்டின் எட்மண்ட்சு சட்டம், பல மனைவியரோடு கூடி வாழ்தலையே தனிக்குற்றமாக்கி, பலதார மணத்தாரின் வாக்குரிமையையும் நீக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1887ஆம் ஆண்டின் எட்மண்ட்சு–டக்கர் சட்டம் சபையின் சட்டத் தகுதியைக் கலைத்து, 50,000 டாலருக்கு மேற்பட்ட அதன் நிலவுடைமைகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. யூட்டாப் பெண்கள் 1870இல் பெற்றிருந்த வாக்குரிமையையும் அச்சட்டம் பறித்தது. பெண்களைக் காக்க எழுந்ததாகக் கூறப்பட்ட சட்டம் பெண்களின் குரலையே நீக்கியது குறிப்பிடத்தக்கது.

நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையே நீதிமன்றம் வகுத்த கோடு 1890ஆம் ஆண்டில் நீதிமன்றத்தாலேயே மங்கியது. பலதார மணத்தைக் கற்பிக்கும் அமைப்பில் உறுப்பினராக இருப்போருக்கும் வாக்குரிமை இல்லை என ஐடகோ ஆட்சிப்பகுதி வகுத்த விதியை, டேவிஸ் எதிர் பீசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவ்விதியின்கீழ், தாமே பலதார மணம் செய்யாத ஒருவரும் சபையில் உறுப்பினர் என்னும் காரணத்தால் உரிமை இழந்தார். செயலை மட்டுமே தண்டிப்பதாகத் தொடங்கிய கோட்பாடு சார்பையும் தண்டிக்கும் நிலையை அடைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபர்டு உட்ரஃப், நாட்டின் சட்டத்திற்குப் பணியுமாறு அறிவிக்கை வெளியிட்டார். 1896ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் யூட்டா மாநிலமாயிற்று.

7. சென்னை வழக்கில் அக்கோட்பாடு

இந்தியா விடுதலை பெற்றபின் இக்கோட்பாடு இந்திய நீதிமன்றங்களை எட்டியது. இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்த பம்பாய்ச் சட்டத்தை 1951இல் ஆராய்ந்த பம்பாய் உயர் நீதிமன்றம், நம்பிக்கையையும் நடைமுறையையும் பிரித்தறியும் நெறியைக் கொண்டு அச்சட்டத்தை ஏற்றது. டேவிஸ் வழக்கையும் துணைக்கொண்டது.

1954இல் ஷிரூர் மட வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அம்மடம் அன்று சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்த உடுப்பியைச் சேர்ந்தது. 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் மடத்தின் செயற்பாடுகளில் எவ்வளவு தலையிடலாம் என்பதே வழக்கின் மையம். சமயம் என்பது படைத்தவனோடு மனிதன் கொள்ளும் உறவு பற்றிய கருத்து என டேவிஸ் வழக்கில் நீதிபதி ஃபீல்டு தந்த விளக்கம் அங்கு எடுத்துக்காட்டப்பட்டது. நீதிபதி பி. கே. முகர்ஜியா அவ்விளக்கம் துல்லியமானதோ போதுமானதோ அன்று என மறுத்தார். படைத்தவன் என்னும் கருத்தே இல்லாத சமயங்கள் இந்தியாவில் உள்ளன என்றும், சடங்கு, வழிபாடு, உணவு, உடை ஆகியனவும் சமயத்தின் கூறுகளாகலாம் என்றும், எது இன்றியமையாக் கூறு என்பதை அச்சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே அறியவேண்டும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இம்மறுப்பு தமிழ் அறிந்தோருக்கு வியப்பளிக்காது. சைவ நெறி, வைணவ நெறி என வழங்கும் மரபில் நெறி என்பது நடக்கும் வழியையே குறிக்கிறது. உள்ளத்து நம்பிக்கையைத் தனியே பிரித்து எடுத்து, அதற்கு மட்டும் உரிமை வழங்கி, நடப்பை முழுதும் அரசிடம் விட்டுவிடுவது, சமயத்தை நடப்பாகக் கொள்ளும் மக்களுக்குப் பாதி உரிமையே ஆகும். மோர்மன்களின் வாதமும் அடிப்படையில் இதுவே. எனினும் எச்செயல் இன்றியமையாதது என நீதிமன்றமே முடிவு செய்ய நேர்வதால், இந்திய வழியிலும் இடர்ப்பாடு முற்றும் தீரவில்லை.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மோர்மன் மோதலின் வேர் கோட்பாட்டு வேறுபாட்டில் மட்டும் இல்லை. கூடி வாழ முனைந்த குழுவின் வாக்கும் நிலமும் படையும் பிறரிடத்தில் எழுப்பிய அச்சத்திலும் உள்ளது. இரண்டாவதாக, அரசு காப்பளிக்கத் தவறும்போது குழு தன் காப்பைத் தானே தேடுகிறது. அவ்வாறு தேடிய காப்பை அரசு கிளர்ச்சியாகக் காண்கிறது. மிசூரியிலிருந்து நாவூவுக்கும், நாவூவிலிருந்து யூட்டாவுக்கும் பரவிய வன்முறையின் இயக்கம் இதுவே. மூன்றாவதாக, நம்பிக்கை உரிமையுடையது, செயல் கட்டுப்பாட்டுக்குரியது என்னும் பிரிவு தேவையானதாயினும் போதுமானதன்று. எச்செயலால் யாருக்கு என்ன தீங்கு நேர்கிறது என்னும் ஆராய்ச்சி இல்லாதவிடத்து அப்பிரிவு பெரும்பான்மையினரின் வெறுப்புக்குச் சட்ட உடையாகிவிடும்.

ஆளுநர் பாக்சின் ஆணையை 1976இல் மிசூரி ஆளுநர் கிறிஸ்டோபர் பாண்ட் முறைப்படி நீக்கி வருத்தம் தெரிவித்தார். மவுண்டன் மெடோசு படுகொலையின் 150ஆம் ஆண்டு நினைவின்போது, 2007இல், மோர்மன் சபை தன் வருத்தத்தை வெளியிட்டது. ஆணை பிறந்த நாளுக்கும் அது நீங்கிய நாளுக்கும் இடையே 138 ஆண்டுகள் கழிந்தன. அந்நெடுங்காலம் முழுதும் ஒரு சமயத்தாரை அழித்தொழிக்கச் சொன்ன ஆணை, செயலற்றதாயினும், மாநிலத்தின் ஏட்டில் நீக்கப்படாமலே இருந்தது. பல்லின, பல்சமய நாடுகளில் வரலாறு கற்பிப்போர் இச்செய்தியை மாணவர்முன் வைப்பது பயனுடையதாகும்.